போல்ட்டும் குழலும் ஒரு ஜோடி: பட்டறைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேய்மானத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆயுதப் பட்டறை மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில், தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் பொதுவாக ஒன்று: துப்பாக்கி உங்கள் பெயரில் முறையான உரிமத்தோடு இருக்கிறது, தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கின்றன, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவி, காலி என்று உறுதி செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் தாத்தா விட்டுச்சென்ற .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிளின் போல்ட் தேய்ந்து ஆடுகிறது. அதே மாடலின் நல்ல போல்ட் ஒன்று கிடைத்தது. மாட்டிப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடிக்கொண்டது. இனி அதையே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அவ்வளவு சுலபமாக மூடிக்கொண்டது என்பதே என்னை யோசிக்க வைக்கிறது.

போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளி, சுடும்போது அதன் பின்னால் பூட்டி நிற்கும் எஃகு உருளை. அது ஓடும் உடற்பகுதிதான் ரிசீவர். போல்ட்டின் கைப்பிடியின் பின்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். அங்கே ஓர் எண் பொறித்திருக்கும். ரிசீவரிலும் அதே எண் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ரிசீவரில் உட்காரவைத்துப் பார்த்த பிறகே இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். தேவைப்பட்டால் அரம் போட்டு இழைத்துப் பொருத்தியும் இருப்பார்கள். உங்கள் புதிய போல்ட்டில் வேறு எண் இருக்கும். அது இன்னொரு ரிசீவரோடு சேர்ந்து தேய்ந்த போல்ட்.

லீ என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் பற்கள் பின்பக்கம் இருக்கின்றன. இரண்டு பற்களும் ரிசீவரின் இருக்கையில் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் படிய வேண்டும். ஒன்று படிந்து மற்றொன்று முடியளவு விலகி நின்றாலும், சுடும்போது முழுப் பளுவையும் ஒற்றைப் பல் தாங்கும். தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு நாற்பதாயிரம் பவுண்டுக்கும் மேல். பக்கத்தில் இருப்பது உங்கள் கன்னம்.

அடுத்தது இடைவெளி. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் குழலின் பின்முகத்தில் உட்கார்ந்து தோட்டாவை நிறுத்துகிறது. போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் உள்ள தூரம் 0.064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ராணுவப் பட்டறைகளே 0.074 அங்குலத்துக்கு மேல் போனால் ரைஃபிளைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கால் மில்லிமீட்டர். கண்ணோ விரலோ இதை அளக்காது. அதற்கென்றே கடினமான எஃகில் செய்த அளவுகோல் வில்லைகள் இருக்கின்றன. ஒன்றின்மேல் போல்ட் மூட வேண்டும், மற்றொன்றின்மேல் மூடக் கூடாது.

நம்பர் 4 ரக ரைஃபிளாக இருந்தால், போல்ட்டின் தலையைத் தனியாகக் கழற்றலாம். அதில் 0, 1, 2, 3 என்று எண் இருக்கும். எண் கூடக் கூடத் தலையின் நீளம் கொஞ்சம் கூடும். தேய்மானத்தைச் சரிக்கட்டவே அந்த ஏற்பாடு. ஆனால் ஒரே எண் கொண்ட இரண்டு தலைகள்கூட அளவில் சற்று மாறும் என்பதால், எண்ணை நம்பி மாற்றிவிட்டு அளக்காமல் விடுவது பயனற்றது.

உங்கள் பழைய போல்ட் “ஆடுகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்திருக்கும்போது ஆடுவது அந்த ரைஃபிளின் இயல்பு. சேறும் மணலும் போனாலும் இயங்குவதற்காக அந்தத் தளர்வு விட்டிருக்கிறார்கள். மூடிய பிறகும் ஆடினால்தான் கவலை. அந்தப் போல்ட்டில் முன்பு சுட்ட காலித் தோட்டா ஏதாவது வீட்டில் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கிபோல் வளைத்துக்கொள்ளுங்கள். அதைத் தோட்டாவின் வாய் வழியாக விட்டு, அடிவரை இறக்கி, உட்சுவரை உரசியபடி மேலே இழுங்கள். அடியிலிருந்து ஒரு விரல் பருமனுக்குள் நுனி எதிலோ இடறினால், அங்கே பித்தளை உட்புறமாக மெலிந்து பள்ளமாகிவிட்டது என்று பொருள். வெளிப்புறத்தில் அதே இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று பளபளக்கும். இடைவெளி அதிகமாகிவிட்டதைக் காட்டும் முதல் அடையாளம் இது. இன்னும் சில முறை அப்படியே சுட்டால் தோட்டா அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு பின்பக்கம் பாயலாம்.

என் ஆசான் என்னை இந்தக் கம்பியோடு ஒரு வாளி நிறையக் காலித் தோட்டாக்களின் முன் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தார். மாலையில் நுனி இடறிய ஏழு தோட்டாக்களை எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் நெடுக்குவாட்டில் அறுத்துக் காட்டினார். ஏழிலும் பள்ளம் இருந்தது. அன்றிலிருந்து என் விரலை நான் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கை “சந்தேகம்” என்று சொல்லும் அளவுக்கு மட்டும்தான். “சரி” என்று சொல்ல அளவுகோல் வேண்டும்.

இரண்டு போல்ட்டுகளையும் ரைஃபிளையும் உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் கொண்டுபோங்கள். அவருக்கு அரைமணி நேர வேலை.

கேள்வி: ஒரே மாடல் என்றால் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டாமா? அதற்காகத்தானே இயந்திரத்தில் செய்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. 1785-இல் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங் என்ற தொழிலாளியின் பட்டறைக்குப் போனார். பிளாங் ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளை, அதாவது விசையை இழுத்ததும் மருந்தைப் பற்றவைக்கும் பொறிகளைப் பிரித்து, பாகங்களை வகைவாரியாக அறைகளில் போட்டு வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தாமே சில பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின என்று நாட்டுக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் சொல்லும் கனவு அங்கிருந்து வருகிறது. அது பொய்யல்ல. விசையைச் சுற்றியுள்ள காவல் வளையம், தோட்டாக்களை வைக்கும் மேகசின், திருகுகள், மரக் கட்டையின் இரும்புப் பூண் ஆகியவற்றை இன்று நீங்களே வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் பிளாங் காட்டியது சக்கிமுக்கிப் பூட்டு. வெடிப்பின் அழுத்தத்தை அது தாங்குவதில்லை. போல்ட், குழல், ரிசீவர் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் அனுமதித்த அளவுப் பிசகு சிறியதுதான். மூன்றிலும் பிசகு ஒரே திசையில் விழுந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு உரசித் தேய்ந்திருக்கிறது. பாகம் பொருந்துவது ஒன்று, பாதுகாப்பாகப் பொருந்துவது வேறு.

கேள்வி: என் மகள் பத்து மீட்டர் பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளில் வேகம் குறைந்துவிட்டது. ரவை அட்டையைத் துளைக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுடும்போது ஒரு கரகரப்புச் சத்தம். வீட்டிலேயே பழுது பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பொறுமையாகச் செய்தால் இதைப்போல் மனநிறைவு தரும் வேலை வேறில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கே காற்று போகிறது என்று பாருங்கள். குழல் மடங்கும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. ரவை போட்டு, குழலை மூடி, அந்த இணைப்பின்மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. வளையத்தை மாற்றினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம். ரவை போடாமல் மட்டும் சுடாதீர்கள். ரவை இருந்தால் அதன்பின் காற்று அடைபட்டு, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் வந்து விழ ஒரு மெத்தைபோல் ஆகும். ரவை இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக உலோகச் சுவரில் போய் மோதும்.

காகிதம் அசையவில்லை என்றால் கோளாறு உள்ளே. கரகரப்பு என்கிறீர்கள். ஸ்பிரிங் வளைந்து கோணலாகிக் குழாயின் சுவரை உரசுகிறது, அல்லது ஒரு சுற்று உடைந்தே போயிருக்கிறது. ஸ்பிரிங் உடைந்த ஏர் ரைஃபிள் பல நேரம் தொடர்ந்து சுடும். உடைந்த இரண்டு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு வேலை செய்யும். அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது ஆபத்தான கட்டம். அந்த ஸ்பிரிங் குழலை மடக்கி விசையேற்றாத நிலையிலும் உள்ளே அழுத்தப்பட்டுத்தான் இருக்கிறது. பின்னால் உள்ள விசைக் கட்டையின் ஊசியையோ மரையையோ கழற்றியதும் அது விடுபட்டுப் பின்பக்கம் பாயும். முழங்காலுக்கிடையே பிடித்துக்கொண்டு கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உடைந்த மூக்கையும் பார்த்திருக்கிறேன். நீளமான தச்சுக் கவ்வி ஒன்றில் ரைஃபிளை நெடுக்காகப் பிடியுங்கள். விசைக் கட்டையின் பின்னால் மரத்துண்டு வைத்து, பளுவைக் கவ்வி ஏந்திக்கொண்ட பிறகே ஊசியைத் தட்டி எடுங்கள். பிறகு கவ்வியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். முகத்தை அந்த நேர்கோட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். எந்தப் பாகம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றக் கழற்றப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனை வெளியே எடுத்ததும் அதன் தலையில் உள்ள வாஷரைப் பாருங்கள். செயற்கைப் பொருளாக இருந்தால் விளிம்பில் வெட்டோ கருகலோ தெரியும். கருகியிருந்தால் யாரோ உள்ளே சாதாரண எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் காற்றைச் சட்டென்று அழுத்தும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. டீசல் என்ஜினில் நடப்பதுபோலவே எண்ணெய் ஆவி தீப்பற்றி வெடிக்கிறது. அந்த வெடிப்பு வாஷரைத் தின்றுவிடும், ஸ்பிரிங்கையும் முறிக்கும். தோல் வாஷராக இருந்தால் கதை வேறு. அது காய்ந்தால் சுருங்கும். எண்ணெயில் ஊறவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

புதிய வாஷரைப் போடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிஸ்டன் உள்ளே போகும் குழாயில் நீளமான வெட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். கத்திபோல் இருக்கும். வாஷர் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். புது வாஷரைக் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்குக் கீறிவிட்டு, “மாற்றியும் சரியாகவில்லை” என்று எனக்கு எழுதுபவர்கள் ஏராளம். அந்த ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போகும்வரை தேய்த்து, உதிர்ந்த தூளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுங்கள். பிறகு வாஷரை விரலால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள்.

மாலிப்டினம் கலந்த பசையைப் பிஸ்டனின் பக்கவாட்டில் விரலால் தடவித் துடைத்தெடுத்ததுபோல் இட்டால் போதும். வாஷரின் முன்முகத்தில் எதுவும் வேண்டாம். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் சொன்ன அளவையே வாங்குங்கள். பலமானதைப் போட்டால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். உதைப்புதான் கூடும், குறி தவறும். பல நாடுகளில் சட்ட வரம்பையும் தாண்டிவிடும்.

மாட்டி முடித்ததும் உங்கள் மகளிடம் கொடுத்துவிடாதீர்கள். குழலை மடக்கி விசையேற்றி, குழலைக் கையால் இறுகப் பிடித்தபடியே ரைஃபிளை லேசாகத் தட்டிப் பாருங்கள். பூட்டு விடுபடுகிறதா? பத்து முறை செய்யுங்கள். ரவை போடும் விரலின்மேல் குழல் திடீரென்று மூடிக்கொள்வதைவிடக் கொடுமையான விபத்து இந்த விளையாட்டில் குறைவு. அவளுக்கும், குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் ரவை போட வேண்டும் என்று பழக்குங்கள்.

கேள்வி: விசை மிகக் கனமாக இருக்கிறது. உள்ளே உள்ள கொக்கியை அரத்தால் லேசாகத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. விசையை இழுக்கும்வரை சுடும் பொறியைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கொக்கிதான். அதன் கடினம் பல ரைஃபிள்களில் மேல்தோலோடு சரி. தோலைத் தேய்த்துவிட்டால் அடியில் மெத்தென்ற இரும்பு. முதல் வாரம் விசை அருமையாக இருக்கும். அடுத்த மாதம் யாரும் தொடாமலே விடுபடும்.

பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய எண்ணெய் வார்னிஷ்போல் காய்ந்து கெட்டியாகிவிடும். கனமான விசை என்று என் மேசைக்கு வந்தவற்றில் பல, மண்ணெண்ணெயில் கழுவி ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் குணமாகித் திரும்பின.

கேள்வி: காலித் தோட்டாவை அறையிலிருந்து பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் உடைந்துவிட்டது. எனக்குக் கொல்லு வேலை தெரியும். எஃகில் வெட்டி, காய்ச்சித் துவைச்சல் போட்டு (கடினமாக்கிப் பதப்படுத்தி) நானே செய்துகொள்ளலாம் அல்லவா?

பதில்: உங்கள் கைத்திறனை மதிக்கிறேன். ஆனாலும் வாங்கிப் போடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைஃபிளின் ரிசீவர்களை உலையில் காய்ச்சிய தொழிலாளிகள் அனுபவசாலிகள். இரும்பு பழுத்த நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். 1917-இல் சில ரிசீவர்கள் சுடும்போது சிதறின. ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. பளிச்சென்று வெயிலடிக்கும் நாளில், பழுத்த இரும்பு உண்மையைவிட மங்கலாகத் தெரியும். சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் காய்ச்சிவிட்டார்கள். மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையே 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் இருந்தது. அதிகம் வெந்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கியது. பிறகுதான் வெப்பமானிகளை வைத்தார்கள், பதப்படுத்தும் முறையையும் மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 800,000-க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 285,507-க்கும் குறைந்த எண்ணுள்ள ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றும் தச்சர்கள் சொல்வது இதனால்தான்.

அவர்கள் நாள்தோறும் அதே வேலையைச் செய்தவர்கள். அவர்கள் கண்ணையே வெளிச்சம் ஏமாற்றியது. எக்ஸ்ட்ராக்டர் ரிசீவர் அல்ல, உடைந்தாலும் உயிர் போகாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அது ஒரே நேரத்தில் வில்லாகவும் நகமாகவும் இருக்க வேண்டிய பாகம். கடினம் கூடினால் முறியும், குறைந்தால் வளைந்தே நிற்கும். தோட்டா அறைக்குள் சிக்கி நிற்கும்போதுதான் அது உங்களுக்குத் தெரியும். உங்கள் உலையை ரைஃபிளுக்கான கருவிகள் செய்யப் பயன்படுத்துங்கள். ஊசி தட்டும் பஞ்ச், திருகின் பள்ளத்துக்குச் சரியாக உட்காரும் திருப்புளி. கடையில் கிடைக்கும் திருப்புளியின் நுனி ஆப்புபோல் சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகுக்கு இருபுறமும் இணையாக இழைத்த நுனி வேண்டும். அதை நீங்கள் செய்தால் எந்தக் கடைச் சரக்கையும்விட நன்றாக இருக்கும்.

கேள்வி: என் கணவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய ரைஃபிள் பாகங்கள் இருக்கின்றன. ஒரு ரைஃபிளைச் சேர்த்து முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் மகன் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறான். செய்யலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மகன் கைவைக்கும் முன் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் பேசுங்கள். பல நாடுகளில் ரிசீவர் ஒன்றே சட்டப்படி துப்பாக்கிதான். சில நாடுகளில் குழலும் போல்ட்டும்கூட அப்படித்தான். உரிமம் உங்கள் கணவர் பெயரில் இருந்திருந்தால் அது தானாக உங்களுக்கு வராது. தெரியாமல் வைத்திருந்தோம் என்பது பல இடங்களில் விளக்கமாக ஏற்கப்படுவதில்லை. நீங்களாகப் போய்ச் சொல்வது நல்லது. பாகங்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பட்டியலோடும் படத்தோடும் போங்கள்.

அந்தப் பட்டியலை மகனே எழுதட்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, எண் இருந்தால் குறித்து, வரிசையாக வைக்கட்டும். எந்தெந்தப் பாகத்தில் ஒரே எண் இருக்கிறது என்று பார்க்கும்போது, அப்பா எந்த ரைஃபிளை மனதில் வைத்துச் சேகரித்தார் என்பது அவனுக்கே புரியும். அனுமதி கிடைத்தால், தச்சர் பட்டறையில், அவர் அருகில் நின்று சேர்க்கட்டும். முதல் குண்டை யாரும் தோளில் வைத்துச் சுட வேண்டாம். தச்சர் அளவுகோல் போட்டுப் பார்த்துவிட்டு, ரைஃபிளைத் தாங்கியில் கட்டித் தொலைவிலிருந்து சுட்டுச் சோதிப்பார்.

கேள்வி: பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்ட பிறகு எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன். ஆனாலும் குழலுக்குள் துரு.

பதில்: பழைய தோட்டாக்களின் அடியில் முதலில் பற்றிக்கொள்ளும் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்த பின் அது உப்பாகக் குழலில் படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். அன்றன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். சூட்டில் குழல் தானே காய்ந்துவிடும். அதன்பின் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் மறக்காதீர்கள்.

கேள்வி: ரைஃபிளின் மரக் கட்டையில் கைப்பிடிக்குப் பின்னால் மயிரிழை விரிசல். பசை போட்டால் நிற்குமா?

பதில்: பழைய கட்டை எண்ணெயில் ஊறியிருக்கும். எண்ணெயின்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சுண்ணக்கட்டித் தூளைக் கரைப்பானில் குழைத்து விரிசலின்மேல் பூசிக் காயவிடுங்கள். தூள் மஞ்சளாகும், அது எண்ணெயை உறிஞ்சியதன் அடையாளம். வெள்ளையாகவே காயும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு விரிசலை மெல்லத் திறந்து, எபாக்ஸியை உள்ளே ஊதி, ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றி ஒரு நாள் விடுங்கள்.

விரிசல் ஏன் வந்தது என்றும் பாருங்கள். கட்டையைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் ரிசீவர் பின்னால் நகர்ந்து மரத்தில் ஆப்புபோல் இடிக்கிறது. திருகை இறுக்காமல் பசை போட்டால் பக்கத்திலேயே புது விரிசல் வரும்.

கடைசியாக, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஏற்றுவீர்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியே கொடியில் ஒற்றையாகக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடிவிடுங்கள்.